இரண்டு தரைக்குயில்கள்: எது சுமத்ரா, எது போர்னியோ?

கேள்வி: சுமத்ரா தரைக்குயிலும் போர்னியோ தரைக்குயிலும் ஒரே இனம் என்று ஒரு பழைய பறவை நூலில் இருக்கிறது. இப்போது இரண்டு என்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியுமா? எதற்கு ஆபத்து அதிகம்?
– வாசகி, தேனி

பதில்: முடியும். முதலில் வயிற்றைப் பாருங்கள். போர்னியோ பறவைக்கு வெளிறிய சாம்பல் வெண்மையில் கருங்கோடுகள் குறுக்கே ஓடும். சுமத்ரா பறவையின் வயிறு பழுப்பு, கோடுகளும் பழுப்பு. அளவிலும் அது சற்றுச் சிறியது: சுமார் 55 செ.மீ.; மற்றது 60 செ.மீ. பச்சை அலகும் பச்சைக் காலும் கருந்தலையும் இரண்டுக்கும் உண்டு, அதனால் தலை மட்டும் தெரியும் படத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். காட்டில் எடுத்த படமென்றால் எந்தத் தீவு என்று தெரிந்தாலே போதும்.

1996இல் இரண்டையும் பிரித்த பிறகுதான் சுமத்ரா பறவையின் உண்மை நிலை வெளிப்பட்டது. அதுவரை இரண்டையும் ஒன்றாகவே எண்ணியதால், சுமத்ரா பறவை பல்லாண்டுகளாகத் தென்படாததைப் போர்னியோப் பதிவுகள் மறைத்து வந்தன. சுமத்ரா பறவைக்குக் கையில் இருந்தவை பாடம் செய்த எட்டே மாதிரிகள். கடைசியாகச் சேகரித்தது 1916இல். 1997இல் சுமத்ராவின் புக்கிட் பாரிசான் செலாத்தான் தேசியப் பூங்காவில் மீண்டும் தென்பட்டது. 2006இல் அதே தீவின் கெரிஞ்சி செப்லாத் தேசியப் பூங்காவில் தானியங்கிக் கேமராவில் பதிவானது. 2007இல், வேடர் ஒருவரிடம் சிக்கிய பறவையிடமிருந்து அதன் குரலை முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். இது பெரிய விஷயம். அடர்ந்த மலையடிவாரக் காட்டில் ஆள் அரவம் கேட்டதும் ஓடி மறையும் பறவையைக் குரல் தெரியாமல் கணக்கெடுக்க வழியே இல்லை.

ஆபத்து சுமத்ரா பறவைக்கே அதிகம்; அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் அது உள்ளது. காடழிப்பு ஒரு பக்கம். மானுக்கும் காட்டுக்கோழிகளுக்கும் வைக்கும் சுருக்குக் கண்ணிகள் மறுபக்கம். தரையில் நடக்கும் எதுவும் அதில் சிக்கும்.

போர்னியோ பறவை பெரும்பாலும் ஆற்றோரச் சமவெளிக் காட்டை நம்பியிருக்கிறது. எண்ணெய்ப்பனை முதலில் விழுங்குவதும் அதைத்தான். தாடிப் பன்றி என்ற காட்டுப்பன்றியைப் பின்தொடர்ந்து சென்று, அது மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் பூச்சிகளை இந்தப் பறவை தின்னும். 2021இல் போர்னியோவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவித் தாடிப் பன்றிகள் ஏராளமாக மடிந்தன. இதுவும் கவலைக்குரியது. சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றில் படகில் போனால் கரையிலிருந்து ஆழ்ந்த குரல் கேட்கலாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு மீண்டும் மீண்டும் அழைக்க வேண்டாம். எல்லை காக்கும் பறவை இரை தேடும் நேரத்தை அதில் இழக்கும்.

கேள்வி: இவையும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. நம் ஊர் செம்போத்தைப் போலத் தாமே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும்.