வேலையும் சொந்தச் செயலியும்: சுங்கை சிப்புட் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம். மகன் கோலாலம்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், வார இறுதியில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தாலும் மடிக்கணினியை மூடுவதில்லை, சொந்தமாக ஏதோ செயலி செய்கிறேன் என்கிறார், இதனால் வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யட்டும். அலுவலகத்துப் பொருளையும் சொந்தப் பொருளையும் கலந்துவிடும்போதுதான் பெரும்பாலும் வம்பு வருகிறது. இதை மகனிடமும் காட்டுங்கள், பாதிக்கு மேல் அந்தத் தம்பிக்கானது.

முதல் வேலை, நியமனக் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படிப்பது. வெளிவேலைக்கு எழுத்துபூர்வ அனுமதி தேவையா, அறிவுசார் சொத்து பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே போய்ச் சேரும். சில ஒப்பந்தங்கள் இன்னும் அகலமாக, வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கிய எல்லாவற்றையும் கேட்கும். அப்படி இருந்தால் மனிதவளப் பிரிவுக்கு நான்கு வரி எழுதட்டும்: வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில், இன்ன செயலி செய்கிறேன், நிறுவனத்தின் தொழிலோடு இதற்குத் தொடர்பில்லை. வாய்ச்சொல்லாக வந்த சம்மதம் மேலாளர் மாறியதும் காணாமல் போகும், எழுத்தில் வாங்க வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தொழில் செய்யத் தடை போடும் உடன்பாடுகளைச் செல்லாது என்கிறதே என்று சிலர் துணிந்துவிடுகிறார்கள். வேலையை விட்ட பிறகுதான் அது பேச்சுக்கு வரும். சம்பளம் வாங்கும் காலத்தில் ஒப்பந்த விதிகள் கட்டுப்படுத்தும், இரகசியக் காப்பு அதற்குப் பிறகும் தொடரும்.

அடுத்தது கணினி. அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்று இதற்குப் போதும். குறியீட்டில் (நிரலில்) செய்யும் மாற்றங்களை யார் செய்தது என்ற விவரத்தோடு பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் அமைப்பில் சொந்த மின்னஞ்சல்தான் இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலோடு பதிவான ஒவ்வொரு மாற்றமும், இது யாருடைய கணினியில் எழுதியது என்ற கேள்விக்குச் சாட்சியாக நிற்கும். அலுவலகக் குறியீட்டிலிருந்து ஒரு சிறு துணுக்கைக்கூட எடுத்துவரக் கூடாது. கடவுச்சொல்லோ, வெளிச் சேவைகளைப் பயன்படுத்தத் தரப்படும் இரகசியக் குறியான சேவைச் சாவியோ, குறியீட்டைச் சேமிக்கும் இணையதளமான கிட்ஹப்பில் (GitHub) ஏறிவிட்டால், கோப்பை அழிப்பது பயன் தராது, பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். அவற்றை உடனே ரத்து செய்து புதியது எடுக்க வேண்டும்.

எதைச் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் உதவும் சமூக வலைத்தளம் என்று தொடங்கி, உள்நுழைவுப் பக்கத்தோடு நின்றுவிடும். உங்கள் ஊரிலேயே நல்ல வேலைகள் கிடக்கின்றன: கோயில் திருவிழா உபயப் பதிவு, மளிகைக் கடைக் கடன் நோட்டு, செம்பனை (எண்ணெய்ப் பனை) சிறுதோட்டக்காரரின் எடைக் கணக்கு. கடைசியதை எடுத்துக்கொள்வோம். அறுவடைச் சுற்று ஏறக்குறைய 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை வரும். தேதி, குலைகளின் எடை, டன் விலை, வெட்டுக்கூலி, லாரிக்கூலி, கையில் மிஞ்சியது. இவ்வளவுதான், ஆனால் இதற்குள் பாடம் நிறைய உண்டு.

தோட்டத்துக்குள் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும். ஆகவே பதிவு முதலில் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட வேண்டும், இணைப்பு வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும். பாதியில் அறுந்து மறுபடி அனுப்பினால் அதே எடை இரண்டு முறை பதிவாகும். ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் விட வேண்டும். சர்வர் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கவனிக்காவிட்டால் காலை 7 மணிக்குப் போட்ட எடை முந்தைய நாள் கணக்கில் விழும். பணத்தைப் புள்ளி வைத்த எண்ணாக (மிதவைப் புள்ளி) வைத்தால் கூட்டலில் சென் கணக்கு பிசகக்கூடும், முழு எண்ணாகச் சென்னில் வைக்க வேண்டும். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்ணைக் கேட்கவே வேண்டாம். அதன் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, தேவையில்லாமல் அதைச் சேர்த்துவைப்பது பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வது. நேர்காணலில் இந்த மாதிரி விஷயங்களைத் தம்பி விளக்கினால், பத்துப் பயிற்சிச் செயலிகளின் பட்டியலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

தொழில்நுட்பத்தில் ஒன்றே ஒன்று மட்டும் புதிதாக இருக்கட்டும், மற்றவை கைபழகியவையாக இருக்கட்டும். இந்த அளவு தரவுக்கு, ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட் (SQLite) தாராளம். இலவசச் சர்வர்கள் சில, ஆள் வராவிட்டால் உறங்கிவிடும், முதலில் திறப்பவர் காத்திருந்து சலித்துப்போவார். இரவுதோறும் தரவின் நகல் வேறிடத்துக்குப் போக வேண்டும். அந்த நகலிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை செய்தும் பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள்: வாரநாளில் இரண்டு மாலை, தலா 90 நிமிடம், ஞாயிறு காலை 3 மணி நேரம். வாரம் 6 மணி நேரம் ஆயிற்று. அலுவலகத்தில் அவசர அழைப்புப் பணி உள்ள வாரத்தில் இதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு முறை மூடும்போதும் அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவைத்தால், மறுமுறை தொடங்க அரை மணி வீணாகாது. ஆறாவது வாரம் செயலி ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டும், அரைகுறையாக இருந்தாலும் சரி. தூக்கம் குறைந்து பகல் வேலையில் பிழை வந்தால் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லுங்கள், செயலி எங்கும் ஓடிவிடாது.

பணம் வாங்கத் தொடங்கினால் கணக்கு மாறும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் (SSM) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் 60 வெள்ளி. வருமான வரிக்கு, சம்பளக்காரருக்கான பிஇ (BE) பாரத்துக்குப் பதில் தொழில் வருமானம் உள்ளவருக்கான பி (B) பாரம், கடைசி நாள் ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30. ஒப்பந்தத்தில் வெளிவேலைத் தடை இருந்தால், அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே பதிவு.

உங்களால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு, ஐயா. எடைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் யாரையாவது தம்பிக்கு அறிமுகப்படுத்துங்கள். அவர் நோட்டில் எந்தப் பத்தியை முதலில் எழுதுகிறார், எங்கே அடித்துத் திருத்துகிறார், மாதக் கடைசியில் எதைக் கூட்டிப் பார்க்கிறார் என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். செயலியின் முதல் திரையை அதற்குப் பிறகு வரையலாம்.