உடுக்கும் கிற்றாரும் – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். கிற்றார் வாசிப்பேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னக் குழு ஒன்று வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக இரவில் ஹெட்போன் போட்டு ஒரு வகை இசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜாஸ், சைக்கடெலிக் ரொக், ஆபிரிக்காவிலும் சைபீரியாவிலும் சடங்குகளில் அடிக்கிற தாளம் எல்லாம் கலந்தது. இருபது நிமிடம் ஒரே சுற்று. கேட்கக் கேட்க ஆளை எங்கேயோ கொண்டுபோகிறது. எங்கள் அம்மன் கோயில் பொங்கலில் உடுக்கடிக்கும்போது ஆக்களுக்கு உரு வருவதும் இதுதானே? போன பொங்கலில் உடுக்கையும் பறையையும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அதை லூப் ஆக்கி மேலே கிற்றார் வாசிக்கலாம் என்று யோசனை. அம்மா கூடாது என்கிறா, தெய்வக் குற்றமாம். நண்பர்கள் அது மூடநம்பிக்கை என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகர், விசுவமடு

அன்புள்ள தம்பி,

செய்யுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் கிற்றார் பிடிக்கிற ஒரு பிள்ளை உடுக்கைக் காது கொடுத்துக் கேட்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் போனில் பிடித்த அந்தத் துண்டை லூப் ஆக்க வேண்டாம். அம்மாவிடம் ஒரு காரணம் இருக்கிறது, என்னிடம் வேறொன்று இருக்கிறது. இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

ஹெட்போனில் வருவதும் கோயிலில் வருவதும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்திருக்கிறது. மேளத்தின் சீரான அடி மூளையின் மின்னலைகளைத் தன் வேகத்துக்கு இழுக்கிறது, சடங்குகளில் ஆட்கள் தங்களை மறப்பது அதனால்தான் என்று 1962இல் அண்ட்ரூ நெஹர் என்ற அமெரிக்கர் எழுதினார். 1980இல் பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஜில்பேர் ரூஜே அதை மறுத்தார். பல நாட்டுச் சடங்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, எந்தத் தாளத்துக்கும் தன்னளவில் அந்தச் சக்தி கிடையாது என்றார். எந்தத் தெய்வம், எந்த நேரம், யாரில் வரும் என்பதெல்லாம் ஊருக்கு முன்பே தெரிந்திருக்கிற இடத்தில்தான் இசை அந்த வேலையைச் செய்கிறது என்பது அவர் முடிவு.

நான் ரூஜேயின் பக்கம். பொங்கல் இரவில் நின்று பார்த்தாலே விளங்கும். உடுக்கடிக்கிறவர் விடிய விடிய அடிக்கிறார், அவருக்கு உரு வருவதில்லை. வாசலில் கச்சான் விற்கிற ஆச்சியும் அதே அடியைத்தான் கேட்கிறா. கேட்டபடி சுருள் சுற்றிக் கொடுத்துக் காசை எண்ணி மடியில் வைக்கிறா. முல்லைத்தீவின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன்பே பாக்குத்தெண்டல் என்ற சடங்கு நடக்கிறது. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரிகிறது. அதற்குப் பிறகுதான் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். நேர்த்தி வைத்தவர்கள் விரதம் இருந்து, பிள்ளை குட்டிகளோடு நடந்து வந்து அந்த வெளியில் நிற்கிறார்கள். இவ்வளவும் சேர்ந்து வந்த பிறகுதான் ஒரு பெண்ணின் தோள் நடுங்கத் தொடங்குகிறது. உங்களுக்கு ஹெட்போனில் வருவது பொய் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல அனுபவம், அதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது. அதை உரு என்று சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த உடுக்கடியை ஒருக்கால் கிட்டப் போய்ப் பாருங்கள். இடது கை உடுக்கின் இடுப்பைப் பிடித்திருக்கும். அந்தக் கை கயிற்றை இறுக்க ஒலி மேலே ஏறும், தளர்த்த இறங்கும். வலது கை விரல்கள் அடிக்கும். கண் மட்டும் கையில் இராது, எதிரில் நிற்கிறவரின் காலில் இருக்கும். கால் தடுமாறத் தொடங்கியதும் அனுபவம் இல்லாதவன் வேகத்தைக் கூட்டிவிடுவான். தெரிந்தவர் கூட்டமாட்டார். பாட்டின் அதே அடியைத் திருப்பித் திருப்பிப் படித்தபடி ஒரு எட்டு முன்னால் வருவார். நடுக்கம் நின்றுபோனால் அவரும் இறங்கிப் போய்ப் பழைய இடத்திலிருந்து தொடங்குவார். அந்த நேரம் பறை தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் பதிந்து வைத்திருக்கிற நாற்பது விநாடியோ ஒரு நிமிடமோ, அது அவர் ஒரு குறிப்பிட்ட மனுசிக்குச் சொன்ன பதில். அதை வெட்டி ஒட்டிச் சுற்ற விட்டால், எதிரில் யார் நிற்கிறார் என்று பார்க்காத ஒரு உடுக்குத்தான் மிஞ்சும். அந்த இசையின் உயிரே பார்ப்பதில்தான் இருக்கிறது.

நீங்கள் விரும்பிக் கேட்கிற ஆட்களில் நல்லவர்கள் இதை விளங்கிக்கொண்டவர்கள்தான். ஜேர்மனியில் கொலோன் நகரில் 1968இல் தொடங்கிய 'கான்' குழுவின் ட்ரம்ஸ்காரர் யாக்கி லீபெட்சைட் கட்டுப்பாடில்லாத ஜாஸிலிருந்து வந்தவர். அதை விட்டுவிட்டு ஒரே தாளத்தை நிமிடக்கணக்காகக் கையால் அடித்தார். மெஷின் போலத் தோன்றும். கவனமாகக் கேட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று அசைந்திருக்கும்.

மொரோக்கோவில் ஜஜூக்கா என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. நாதஸ்வரத்துக்கு உறவு மாதிரி ஒரு குழலும் மேளங்களும், ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு ஆடுகிற ஒருவரும் அவர்களின் திருவிழா. 1968இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் அங்கே போய் ஒலிப்பதிவு செய்து, லண்டன் ஸ்டூடியோவில் அதன் மேல் எஃபெக்ட் போட்டார். அவர் இறந்த பிறகு, 1971இல், அது இசைத்தட்டாக வந்தது. 1973இல் ஜாஸ் கலைஞர் ஓர்னெட் கோல்மன் சக்ஸபோனோடு அதே கிராமத்துக்குப் போய் அவர்களுக்கு நடுவில் நின்று வாசித்தார். இரண்டையும் தேடிக் கேளுங்கள். முதலாவதில் கிராமம் புகைக்குள் தள்ளிப் போகிறது. இரண்டாவதில் ஒரு பெரிய கலைஞன் அந்தக் குழல்களோடு ஈடுகொடுக்க மூச்சுப் பிடிப்பது கேட்கிறது. எனக்கு இரண்டாவதுதான் இசை.

அதே நாட்டில் ஞ்னாவா மக்கள் இருக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இரவு முழுக்க நடக்கும் அவர்களின் சடங்கில் ஒவ்வொரு ஆவிக்கும் ஒரு நிறம், ஒரு பாட்டு. கனகாலம் கீழாகப் பார்க்கப்பட்ட அந்த இசையை 2019இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கப் பியானோக் கலைஞர் ராண்டி வெஸ்டன் அங்கேயே குடியிருந்து, அந்த இசையின் ஆசான்களோடு பழகி, பிறகு அவர்களோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டார்.

இதை எழுதும்போது எனக்கு நினைவில் நிற்பது எங்கள் பறைக்காரர்கள். பொங்கலுக்கும் வேண்டும், செத்தவீட்டுக்கும் வேண்டும். ஆனால் கலைஞர் என்று சொல்ல எங்கள் ஊர்களுக்கு இன்னும் வாய் வருவதில்லை. சாதியைச் சொல்லி எட்ட நிறுத்திப் பழகிய ஆட்களின் அடியை, ஆளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால், அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ததாகத்தான் ஆகும். எனக்கு இதில் கோபமே இருக்கிறது.

அம்மாவின் பயத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். உரு வந்தவரின் முன்னால் நின்று ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். காணாமல்போன மகன் இருக்கிறானா என்று ஒரு தாய் கேட்ட குரல் அந்தப் பதிவின் ஓரத்தில் விழுந்திருக்கலாம். அதன் மேல் கிற்றார் வாசிக்க உங்களுக்கும் மனம் வராது.

சரி, எங்கே தொடங்குவது? காத்தவராயன் கூத்தில் தொடங்கலாம். நேர்த்திக்கும் ஆடுவார்கள்தான், ஆனாலும் அது எல்லோரும் பார்க்க மேடையில் ஆடுகிற கலை. சிந்து நடையும் உடுக்கும் அதில் நிறைய இருக்கிறது. அதற்கு உடுக்கடிக்கிற ஒரு அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்குகிறவரிடம் போய், பதிவுக் கருவி இல்லாமல் இருங்கள். கோயிலில் தெய்வத்தை அழைக்கிற பாட்டைக் கேட்காதீர்கள், அவராகத் தந்தால் வேறு கதை. பறைக்காரரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டு உங்களோடு ஒரே வரிசையில் கதிரை போட்டு இருத்துங்கள். கிற்றார்காரனுக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. பெயரும் அதே அளவு எழுத்தில்.

கிற்றாருக்கு ஒரு யோசனை. உடுக்கின் ஒலி ஏறி இறங்குவதால் கிற்றாரில் கோர்ட் (chord) மாற்ற மாற்ற இரண்டும் அடிபடும். அமெரிக்க ஜாஸ் கலைஞர் அலிஸ் கோல்ட்ரேன் தன் ஹார்ப்புக்குக் கீழே தம்புராவை ஓட விட்டதுபோல நீங்களும் ஒரு சுருதியில் நின்றுகொண்டு, அண்ணாவியார் அசைகிற பக்கம் மட்டும் அசைந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் சலிக்கும். நிறுத்தாதீர்கள்.

அவர் பதிய வேண்டாம் என்றால் பதியாமல் வாசியுங்கள். பதியலாம் என்றால் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு நீளமானாலும் வெட்ட வேண்டாம், இருந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணா