மகசீனைக் கழற்றினால் போதாது

அன்புள்ள ஐயா,

டாலஸுக்கு வடக்கே வசிக்கிறேன். மென்பொருள் வேலை. போன வருடம் கிரீன் கார்டு கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் துப்பாக்கி சுடும் தளத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சொந்தமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கிவிட நினைக்கிறேன். 500 டாலருக்கு மேல் போக முடியாது. ருகர் 10/22 வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் சேர்த்து ஏஆர்-15 ஆகவே வாங்கிவிடலாமா? இதுவரை நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. மனைவி பயப்படுகிறாள், போகப்போகச் சரியாகிவிடும். பத்து வயது மகன் இப்போதே யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறான். நீங்கள் பென்சில்வேனியாவில் பல வருடங்களாகச் சுடுகிறவர் என்பதால் கேட்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் ருகர் 10/22. 1964 முதல் விற்பனையில் இருக்கிறது, பழுது பார்க்கத் தெரியாதவர் இல்லை, உதிரி பாகம் கிடைக்காத ஊர் இல்லை. உங்கள் 500 டாலரில் துப்பாக்கி போக மீதியும் இருக்கும். 10/22 சுடும் .22 என்ற சிறு தோட்டா மலிவு, ஏஆர்-15க்கான .223 தோட்டா அதைப்போலப் பல மடங்கு விலை. கற்றுக்கொள்கிறவன் நிறையச் சுட வேண்டும், ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் காசை எண்ணிக்கொண்டிருந்தால் கை பழகாது. எந்த வண்ணம், எந்தத் தொலைநோக்கி என்பதெல்லாம் இப்போது தேவையில்லாத பேச்சு.

ஆனால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கே அல்ல என்பது என் எண்ணம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். சாப்பாடு முடிந்து ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் மாடிக்குப் போய் ஒரு ரைஃபிளோடு இறங்கி வந்தார். புதுக் கைப்பேசியைக் காட்டுவதுபோல ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஒருவர் தோளில் வைத்து ஜன்னல் பக்கம் குறிபார்த்தார். ஜன்னலுக்கு வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார். நான் சத்தம் போட்டதும் வீட்டுக்காரர் சொன்னார்: "மகசீனைக் கழற்றிவிட்டேன் சார், காலிதான்."

மகசீன் என்பது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி. துப்பாக்கியை என் கைக்கு வாங்கி, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. ஒரு தோட்டா விழுந்திருந்தால் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். எதுவும் விழாததால் அவர் சொன்னதே சரி என்று ஆகிவிட்டது. அடுத்த விருந்திலும் அப்படித்தான் எடுத்து வருவார்.

மகசீனைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது. இதை நீங்கள் வேறு எதையும் விட முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குச் சேம்பர் என்று பெயர். செமி ஆட்டோமேட்டிக்கில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். அந்த வெடிப்பின் அழுத்தமே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும், வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், சுருள்வில் போல்ட்டை முன்னுக்குத் தள்ளும்போது மகசீனிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், உங்கள் கை எதையும் செய்யாது. நீங்கள் சுடுவதை நிறுத்தும்போது, மகசீன் தீர்ந்திருந்தாலொழிய, உள்ளே ஒரு தோட்டா தயாராக இருக்கிறது. மகசீனைக் கழற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். 10/22 மகசீன் இல்லாமலும் சுடும்.

10/22இல் இன்னொன்றும் உண்டு. ஏஆர்-15இல் மகசீனின் கடைசிக் குண்டு போனதும் போல்ட் பின்னாலேயே நின்றுவிடும், பார்த்த மாத்திரத்தில் தெரியும். சாதாரண 10/22இல் அப்படி நிற்காது, மூடிக்கொள்ளும். பத்துத் தோட்டா கொள்ளும் அதன் மகசீன் துப்பாக்கியின் கட்டைக்குள் சமமாக அடங்கி உட்காருவதால் அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதும் தூரத்திலிருந்து தெரியாது. பழைய மார்லின் 60 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அதில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய்க்குள் வரிசையாக இருக்கும், கழற்றிப் பார்க்க மகசீனே கிடையாது.

ஆகவே வரிசை முக்கியம். குழல் பாதுகாப்பான திசையில், விரல் விசைக்கு வெளியே. முதலில் மகசீனை எடுக்க வேண்டும். அதன் பிறகு போல்ட்டை இழுத்து, பின்னாலேயே நிற்கும்படி பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, மகசீன் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டால், இருந்த தோட்டா வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். காலி செய்ததாக நினைத்து மறுபடியும் நிரப்பியிருப்பீர்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். இப்போதுதான் பார்த்தேன் என்று அவர் சொன்னாலும், அவர் பார்த்ததை நீங்களே கண்ணால் கண்டிருந்தாலும் செய்ய வேண்டும்.

எனக்கு இது கல்லூரியில் என்சிசி ஹவில்தார் ஒருவர் கற்றுக்கொடுத்தது. எங்களுக்குக் கொடுத்தது .22 ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். சுட்டு முடித்ததும் "ஜாஞ்ச் சஸ்திர்" என்று இந்தியில் கத்துவார், ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு என்று அர்த்தம். எல்லாரும் போல்ட்டைத் திறந்து பிடிக்க வேண்டும். அவர் வரிசையாக வந்து ஒவ்வொரு சேம்பருக்குள்ளும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். வெயிலில் சூடேறிய இரும்பு, அவருடைய சுண்டுவிரல் நகத்தடியில் எப்போதும் கரி இருக்கும். ஒருநாள் ஒரு பையனுக்குத் தோட்டா வெடிக்கவில்லை. "சார்" என்று சொல்லிக்கொண்டே ரைஃபிளோடு அப்படியே எங்கள் பக்கம் திரும்பினான். ஹவில்தார் பாய்ந்து குழலைப் பிடித்து மண்ணோடு அழுத்தினார். பிறகு அவனை அடிப்பார் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அதே ரைஃபிளில், அன்று சாயந்திரம்வரை போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கவைத்தார்.

போல்ட் ஆக்‌ஷனை முதலில் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அதில் தோட்டாவை ஏற்றுகிறவர் நீங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கை ஞாபகம் வைத்திருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் அந்த வேலையை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கை பழகியவனுக்கு அது வசதி, பழகாதவனுக்கு ஆபத்து. போல்ட் ஆக்‌ஷனிலும் சேம்பரில் தோட்டா தங்கும், அதையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவசரப்படவிடாது. சாவேஜ் மார்க் 2 போன்ற ஒரு .22 ரைஃபிள் உங்கள் பணத்துக்குள் தாராளமாக அடங்கும். ஒரு வருடம் அதில் சுடுங்கள். பிறகு 10/22 வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "மனைவி பயப்படுகிறாள், போகப்போகச் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் விஷயம் புரிந்தவர் அவர் ஒருவர்தான். நீங்கள் துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் பயமில்லை. அவரும் தொட்டதில்லை, பயப்படுகிறார். இருவரில் யாருக்கு நிலைமை தெரிந்திருக்கிறது? 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்ததை வீட்டுக்காரர்களே தங்கள்மீது திருப்பிக்கொள்வதுதான் அங்கே அதிகம் நடக்கிறது. உங்கள் பையனுக்கு இப்போது பத்து வயது. பதினைந்து வயதில் ஒரு தேர்வில் தோற்று, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஓர் இரவு எந்த வீட்டிலும் வரும். அந்த இரவு அவன் கைக்கு எட்டும் இடத்தில் எது இருக்கும் என்பதை நீங்கள் இன்றே முடிவு செய்கிறீர்கள். மனைவி அதைத்தான் கேட்கிறார்.

எனவே இரும்புப் பெட்டி வாங்காமல் துப்பாக்கி வாங்காதீர்கள். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சாவி அலமாரி மேல் இருக்கக் கூடாது. யூடியூப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அலமாரி மேல் கைவிடவும் தெரியும். டெக்சாஸ் சட்டமும் இதில் கண்டிப்பானது. உங்கள் கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு நிரப்பிய துப்பாக்கி கிடைத்தால் நீங்கள் குற்றவாளி. பெட்டிக்கும் சேர்த்து 500 டாலர் போதாது என்றால் இரண்டு மாதம் பொறுங்கள்.

உங்களைப் போல எழுதும் மற்றவர்களுக்காக ஒன்று. கிரீன் கார்டு இருப்பவர் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், விருந்தில் கேட்டு அல்ல. வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரோடு கட்டாயம் போங்கள். எதையும் வாங்காமல் போங்கள். அவரிடம் போல்ட் ஆக்‌ஷன் .22 இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தளத்தில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலைக் குறியின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள்; .22 தோட்டாவில் இது அடிக்கடி நடக்கும், சில சமயம் தாமதமாக வெடிக்கும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றுங்கள், தோட்டாவின் ஈயத்தூள் பையன் மேல் படக் கூடாது. மனைவி வருவதாகச் சொன்னால் அழைத்துப் போங்கள், வற்புறுத்தாதீர்கள். வந்தால் பெரியவர் முதலில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். உங்கள் மனைவிக்கு எழுத விருப்பமிருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதுகிறேன்.