பதில்: தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல் மாற்று முடிந்து 24 நாள், தம்பிக்குத் திடீர் மறதி

காலையில் சாப்பிட்டதே தம்பிக்கு நினைவில்லை, ரத்தத்தில் சோடியம் 126 ஆக இறங்கிவிட்டது, 'தூக்க மாத்திரையால் இருக்கும்' என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நாளைவரை விடாதீர்கள். மாற்று சிகிச்சைக் குழுவிடம் இன்றே, "எச்எச்வி-6 மூளை அழற்சியா?" என்று நேராகக் கேளுங்கள்.

எச்எச்வி-6 என்பது ஹெர்பிஸ் வகை வைரஸ். இது குழந்தைப் பருவத்திலேயே ஏறக்குறைய எல்லோருக்குள்ளும் புகுந்து உறங்கும். தொப்புள்கொடி ரத்தத்தின் டி செல்கள் (எதிர்ப்பு செல்கள்) எந்த வைரஸையும் பார்த்திராதவை. அதனால் இவ்வகை மாற்றில்தான் அது அதிகம் விழிக்கும், பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்தில். மறதியோடு சோடியமும் இறங்குவது இதன் முகம். அடுத்து வலிப்பு வரலாம்.

ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை), மூளை எம்ஆர்ஐ தேவை. ஸ்கேன் தொடக்கத்தில் சுத்தமாகவே வரலாம்; அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவென்றால், அதை ஏற்றிவிட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள். சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதே முறை.

'வைரஸ் மருந்து அசைக்ளோவிர் ஓடுகிறதே' என்கிறீர்கள். அது இதற்குப் போதாது, இன்னொரு வைரஸ் மருந்தான லெட்டர்மோவிரும் உதவாது. கான்சிக்ளோவிர் வேலை செய்யும், ஆனால் இப்போதுதான் முளைவிடும் மஜ்ஜையை அமுக்கிவிடும். ஆகவே பெரும்பாலும் ஃபாஸ்கார்னெட்: சிறுநீரகம் நன்றாக இருந்தால் கிலோவுக்கு 90 மி.கி., 12 மணிக்கொரு முறை, குறைந்தது 3 வாரம். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் சரியும். உதட்டைச் சுற்றி மரத்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மருந்து சிறுநீரில் வெளியேறி அந்தரங்கத் தோலைப் புண்ணாக்கும், எனவே ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.