எஃப்ஜிஎஃப்-2 இரண்டாம் வாரமே வலுவிழப்பது ஏன்?

ஸ்டெம் செல்கள் வேறுவகைச் செல்களாக மாறாமல் இருக்க மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) சேர்க்கும் வளர்ச்சிப் புரதம் எஃப்ஜிஎஃப்-2. அது இரண்டாம் வாரமே வலுவிழப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். செல்களைக் குறை சொல்லாதீர்கள், எஃப்ஜிஎஃப்-2 கரைசல் உள்ள குழாயை மாற்றுங்கள். முதல் வாரம் நன்றாக இருந்த ஸ்டெம் செல் காலனிகள் அடுத்த வாரமே ஓரம் தட்டையாகி விரிகின்றன என்றால், எஃப்ஜிஎஃப்-2 செயலிழந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எஃப்ஜிஎஃப்-2 பொடியை வெறும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) கரைத்து, ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். செறிவு குறைந்தால் புரதம் பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும்.

புதுக் குப்பியைத் திறக்குமுன் மையவிலக்கியில் ஒருமுறை சுழற்றுங்கள், மூடியில் பொடி ஒட்டியிருக்கும். புரதம் சுவரில் ஒட்டாமலிருக்க 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) சேர்த்துக் கரைத்து, ஒருவேளை அளவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். அப்புறம் பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் கொடுத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: புதியதுகூட செல்கள் வளரும் 37 டிகிரியில் ஒரே நாளில் பெருமளவு வலுவிழக்கும். சனி, ஞாயிறு சிங்கப்பூர் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்துக்கு வந்து மீடியம் மாற்ற ஆளில்லையென்றால், வெப்பம் தாங்கும் வகையை வாங்குவதே நல்லது.