டிராக்டர் பாகங்களுக்கு எனாமல் பூச்சு: கலப்பது முதல் பஃபிங் வரை – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எனாமலில் தின்னர் (பெயின்டை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) எவ்வளவு கலக்க வேண்டும்? பாதிக்குப் பாதி கலந்தால்தான் ஸ்ப்ரே கன்னில் சீராக வரும் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: பாதிக்குப் பாதி என்பது எனாமலுக்கு மிக அதிகம். அவ்வளவு நீர்த்த பெயின்ட் செங்குத்தான பரப்பில் நிற்காமல் ஒழுகும்; நிறமும் அடித்தளத்தை மூடாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் விகிதத்திலிருந்து தொடங்கி, 4ஆம் எண் ஃபோர்டு கோப்பையில் (பெயின்டின் கெட்டித்தன்மையை அளக்க, அடியில் துளையுள்ள கோப்பை) ஊற்றி, அது ஒழுகி முடியும் நேரத்தைப் பாருங்கள், எச்.வி.எல்.பி. கன்னுக்கு (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றால் தெளிக்கும் கன்) ஏறக்குறைய 18 முதல் 22 நொடி பொருத்தமாக இருக்கும். அதற்கு முன், டப்பாவின் அடியில் படிந்திருக்கும் நிறமியை முழுவதும் கிளறிக் கலந்துவிட வேண்டும், ஏனெனில் அது அடியிலேயே தங்கிவிட்டால் பானட் ஒரு நிறமாகவும் மட்கார்டு வேறு நிறமாகவும் வந்துவிடும். ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று டப்பா வாங்கியிருந்தால், அனைத்தையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துகொண்டு, பிறகு வடிகட்டிப் பயன்படுத்துங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டுக்கான தின்னர் கையில் இருக்கிறது என்பதற்காக அதை ஊற்ற வேண்டாம். அது வேகமாக ஆவியாகிவிடுவதால் பூச்சு சமமாகப் பரவுவதற்குள் இறுகி, பளபளப்பு குறைந்துவிடும்.

கேள்வி: பெயின்டில் ஹார்டனர் (இறுக்கி) சேர்ப்பது கட்டாயமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் பஃபிங் (பூச்சைத் தேய்த்து மெருகேற்றுவது) செய்ய எண்ணியிருந்தால் அதைச் சேர்க்கும்படியே சொல்வேன். சாதாரண எனாமல் இரண்டு கட்டமாக உலர்கிறது: முதலில் தின்னர் ஆவியாகிறது, அதன் பிறகு பெயின்டில் உள்ள பிசின் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து இறுகுகிறது. இந்த இரண்டாவது கட்டம் வாரக்கணக்கில் நீளும். தொட்டால் ஒட்டவில்லை என்பதாலேயே பூச்சு முழுமையாக உலர்ந்துவிட்டது என்று பொருளாகாது. ஹார்டனர் அந்த இறுகுதலை விரைவுபடுத்துகிறது. பளபளப்பும் டீசலைத் தாங்கும் தன்மையும் கூடுகின்றன.

இதில் ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பெரும்பாலான ஹார்டனர்களில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது மூச்சோடு உள்ளே சென்றால் நிரந்தரமான ஆஸ்துமாவை ஏற்படுத்தக்கூடியது. அதன் வாடையை மூக்கு உணர்வதற்கு முன்பே தீங்கு நேர்ந்துவிடும். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது எந்தப் பாதுகாப்பும் அல்ல. வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று வரும் முகக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவை உங்களிடம் இல்லையென்றால், ஹார்டனர் இல்லாமல் அடித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். அப்போதும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் நல்ல காற்றோட்டமும் வேண்டும், அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: முதல் கோட் அடித்து மறுநாள் இரண்டாவது கோட் அடித்தேன். பூச்சு முழுவதும் சுருங்கிவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?

பதில்: பெயின்ட் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு, மறுகோட் அடித்த நேரமே காரணமாக இருக்கும். மேல்பரப்பு இறுகி, அடிப்பகுதி இன்னும் மென்மையாக இருக்கும் நிலையில் புதிய கோட்டின் தின்னர் உள்ளே இறங்கி, அடிப்பூச்சை ஊறவைத்துத் தூக்கிவிடுகிறது. ஆகவே எல்லாக் கோட்டுகளையும் டப்பாவில் குறித்துள்ள சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், அல்லது பூச்சு முழுமையாக இறுகும்வரை காத்திருந்து, தேய்த்துவிட்டு அடிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கன்னைத் தொடவே கூடாது. சுருங்கிய இடத்தை இப்போது மூட முயலாதீர்கள். நன்றாக இறுகிய பிறகு சுரண்டி, தேய்த்து, பிரைமர் வைத்து மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்?

பதில்: 15 முதல் 20 சென்டிமீட்டர். மணிக்கட்டை வளைக்காமல், கை முழுவதையும் பரப்புக்கு இணையாக நகர்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி அடியுங்கள். முதல் கோட் மெல்லியதாக இருக்கட்டும். அது சற்று ஒட்டும் பதத்துக்கு வந்ததும் அடுத்த இரண்டு கோட்டுகளை ஈரமாக அடிக்கலாம். விளிம்புகளையும் மடிப்புகளையும் முதலில் முடித்துவிட்டால், அகன்ற பரப்பில் நிதானமாக வேலை செய்யலாம்.

கேள்வி: கியர்பாக்ஸ் மூடியில் பெயின்ட் சிறு சிறு வட்டங்களாக விலகுகிறது.

பதில்: அது எண்ணெய் அல்லது சிலிக்கோன். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் பல ஆண்டு எண்ணெய் ஊறியிருக்கும். தேய்ப்பதற்கு முன்பே கிரீஸ் நீக்கியால் துடைக்க வேண்டும், இல்லையேல் தேய்க்கும்போது எண்ணெய் இன்னும் ஆழமாகப் போகும். துடைத்த இடம் ஈரமாக இருக்கும்போதே, சுத்தமான வேறு துணியால் ஒற்றி எடுங்கள். கம்ப்ரசர் குழாயில் நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பஃபிங் எப்போது, எப்படிச் செய்வது? எல்லாப் பாகங்களுக்கும் வேண்டுமா?

பதில்: பானட், மட்கார்டு போன்ற தகட்டுப் பாகங்களுக்கு மட்டும் போதும். வார்ப்பிரும்பு இயல்பிலேயே சொரசொரப்பானது; அதைப் பஃபிங் செய்தால் மேடுகளில் பூச்சு தேய்ந்து பிரைமர் தெரியும்.

ஹார்டனர் கலந்த பூச்சுக்குச் சில நாட்களும், கலக்காத பூச்சுக்குச் சில வாரங்களும் விட்டு, மறைவான ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் காத்திருங்கள். தூசியும் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளமும் உள்ள இடங்களை மட்டும் 1500, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரால் சோப்பு நீர் விட்டுத் தேயுங்கள். அடுத்து, ஃபோம் பேடில் காம்பவுண்டு (மெருகேற்றும் பசை) வைத்து, நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்றுக்கு மிகாமல், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். எனாமல் சூடானால் இளகி இழுபடும், ஆகவே அடிக்கடி கையால் தொட்டுப் பாருங்கள். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டு, பிறகு கையாலேயே துடைத்து முடிப்பது நல்லது. மெட்டாலிக் நிறமாக இருந்து, மேலே கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) இல்லையென்றால் தேய்க்க வேண்டாம்; நிறம் திட்டுத்திட்டாகிவிடும்.

கேள்வி: சைலன்சருக்கும் இதே பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: கூடாது, கருகி உரிந்துவிடும். அதற்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் தனியாக வேண்டும்.

கேள்வி: பூசிய பாகங்களை எப்போது பொருத்தலாம்?

பதில்: போல்ட் உட்காரும் இடத்திலும் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் முகத்திலும் பெயின்ட் படாமல் முன்கூட்டியே டேப் ஒட்டியிருந்தால், பஃபிங் செய்யும் பதம் வந்ததும் பொருத்தலாம். அங்கே பெயின்ட் இருந்தால், முறுக்கிய பிறகு அது நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும். குறிப்பாகச் சக்கர ரிம்மில் நட்டு அமரும் குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே மாட்டுங்கள், வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டு நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.