பதினோரு மாத வேலையும் ஐம்பது ஹெக்டேர் காடும்

அன்புள்ள ஐயா,

தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊரில் இருக்கிறேன். ஆனைமலை மழைக்காட்டில் மரக் கணக்கெடுப்பு செய்யும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் 11 மாதத்துக்குக் கள உதவியாளர் வேலை வந்திருக்கிறது. ‘இவ்வளவு படித்துவிட்டு மரம் எண்ணவா போகிறாய், பி.எட். சேர்’ என்கிறார் அப்பா. வெப்பமண்டலச் சூழலியலில் பெயர் சொல்லும்படி இருப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான் இருக்கிறார்கள். இங்கிருந்து போகும் எனக்கு அந்தத் துறையில் இடம் உண்டா? சேரலாமா?

க., தென்காசி மாவட்டம்

அன்புள்ள க.,

சேருங்கள். சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அப்பாவின் கேள்வி.

முதுமலையில் ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலத்தில் ஒரு துண்டுக் காடு இருக்கிறது. 50 ஹெக்டேர். 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழுவினர் அதை அளந்து கட்டம் பிரித்து, ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கன்று முதல் பெருமரம் வரை எல்லாவற்றையும் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு. எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று பார்க்க ஆண்டுதோறும் திரும்பப் போகிறார்கள். கைடியா என்று ஒரு மரம், யானைக்கு ரொம்பப் பிடித்தது. அது கண்ணெதிரே எப்படிக் குறைந்துகொண்டே போனது என்பது அந்த எண்ணிக்கையில்தான் தெரியவந்தது. ஒருமுறை போய் எண்ணிவிட்டு வந்தவருக்கு அது தெரிந்திருக்காது. காட்டுத்தீ, வறட்சி, யானை மூன்றும் சேர்ந்து ஒரு காட்டை என்ன செய்கின்றன என்று இன்று நம்மால் ஓரளவு பேச முடிகிறதென்றால், யாரோ ஒருவர் வெயிலில் நின்று அந்தத் தகட்டு எண்ணை வாசித்ததால்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இதற்கு முன்னோடி பனாமாவில் இருக்கிறது. கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது நீருக்கு மேல் மிஞ்சிய மலையுச்சிதான் பாரோ கொலராடோ தீவு. ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் 1980-ல் அங்கே இதே போல 50 ஹெக்டேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள்! ஒரே துண்டு நிலத்தில் இத்தனை மர இனங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்ற கேள்வியை உலகம் இன்றும் அந்தத் தரவை வைத்துத்தான் வாதிடுகிறது.

பெரிய பெயர்கள் வெளியே இருக்கின்றன என்கிறீர்கள். உண்மைதான். காடு இங்கே இருந்தது. பணமும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் அங்கே இருந்தன. காலனிக் காலத்தில் மாதிரிகள் எந்தத் திசையில் கப்பலேறினவோ, பிற்பாடு தரவுகளும் அதே திசையில் போயின. ஆனால் தூரத்துக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

இளவயதில் ஒரு பருவம் நானும் ஆனைமலையில் ஒரு குழுவோடு இருந்தேன். மரத்தின் சுற்றளவை அளக்க நாடாப் பிடிக்கிற வேலை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், நாடா சரியாமல் மட்டமாகச் சுற்ற வேண்டும். பலகைவேர் உள்ள மரமென்றால் வேர் முடியும் இடத்துக்கு மேலே ஏறிச் சுற்ற வேண்டும். இலை எட்டாத உயரத்தில் இருக்கும், எந்த மரம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களோடு வந்த காடர் பழங்குடிப் பெரியவர் கத்தி முனையால் பட்டையை லேசாகச் சீவுவார். சிவப்பாக ரத்தம் மாதிரி கசிந்தால் காட்டு ஜாதிக்காய் இனம். இல்லையென்றால் சீவலை மூக்கருகே கொண்டுபோவார். குங்கிலிய மணம் வந்தால் சிரித்துக்கொண்டே பெயர் சொல்வார். கீழே முள்முள்ளாகக் காயின் தோல் கிடந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், ‘வெடிப்பலா, சிங்கவால் குரங்கு தின்னுட்டுப் போட்டது’ என்பார். கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. ‘உள்ளூர் வழிகாட்டி’ என்று ஒரு வரி. எழுதியவர்கள் எல்லாரும் நம் நாட்டுக்காரர்கள்தான். அப்போது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

நீங்கள் சேருமுன் கேட்க வேண்டியதில் இதுதான் எனக்கு முதல் விஷயம். தரவை யார் பயன்படுத்தலாம், கட்டுரையில் யார் பெயர் வரும், கூட வரும் காடர், மலசர் ஆட்களுக்கு என்ன கூலி. கேட்கத் தயங்காதீர்கள். அப்புறம் உங்களுக்கான கேள்விகள்: தங்குமிடத்தில் கழிப்பறை உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா, இரவில் ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டி எங்கிருந்து வரும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஆய்வு அனுமதி கைக்கு வந்துவிட்டதா? அனுமதி வராமலே ஆளெடுத்துவிட்டு மாதக்கணக்கில் ஊரில் உட்காரவைப்பதும் நடக்கிறது.

சம்பளத்தை மறைக்க வேண்டாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு மத்திய அரசு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. கள உதவியாளருக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். 11 மாதம் முடிந்ததும் அடுத்த திட்டத்தைத் தேட வேண்டியிருக்கும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே இந்தப் 11 மாதத்துக்குள்ளேயே நெட் எழுதுங்கள். மழை விடாமல் பிடிக்கும் நாட்களில் காட்டுக்குள் போக முடியாது, படிக்க நேரம் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு பெங்களூருவில் அறிவியல் கழகம், உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்., சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ, டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம், நமக்குப் பக்கத்திலேயே கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையமான சாகான் எல்லாம் இருக்கின்றன. நேர்முகத்தில் உட்காரும்போது, ஒரு காட்டில் ஆண்டு முழுக்க இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கும். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருபவரிடம் அதை நான் அதிகம் பார்த்ததில்லை.

உங்களுக்கு இடம் உண்டா என்றால், உண்டு. வெளியிலிருந்து வருபவர் வறண்ட மாதங்களில் வந்து போவார். நீங்கள் ஜூலையிலும் இருப்பீர்கள். எந்த மரம் எப்போது பூத்தது, எந்த ஆண்டு பூக்கவே இல்லை என்று காடரிடம் தமிழிலேயே கேட்டு எழுதிக்கொள்வீர்கள். முதல் நாளிலிருந்தே தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும்.

அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் போடும் காலுறை இரண்டு ஜோடி தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். காடாத் துணி, முழங்காலுக்கு மேல் இழுத்துக் கட்டுகிற மாதிரி நாடா வைத்து. சேர்ந்த பிறகு எழுதுங்கள்.